சுத்தப்பிரதி வரட்டும்

இதெல்லாம் இப்படித்தான் நடக்கும் என்று நான் அன்றைக்கே சொன்னேன். நீதான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. உன் சிவப்புப் பேனாவை ஒருநாள் ஒரு மெஷின் பிடுங்கிக்கொள்ளும் என்று சொன்னேன். கோமதி திரும்பி வருவாள் என்று சொன்னேன். எனக்கு முன்னால் நீ போய்ச் சேருவாய், உன் வீட்டுப் பஞ்சாயத்தை நான்தான் உட்கார்ந்து தீர்த்துவைக்க வேண்டியிருக்கும் என்றும் சொன்னேன். எல்லாம் நடந்துவிட்டது. இதில் ஒன்றாவது பொய்த்துப் போயிருக்கக் கூடாதா என்று இப்போது தோன்றுகிறது.

மாதாப்பூரில் உன் மகள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்துகொண்டு இதை எழுதுகிறேன். கோமதி உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டு ஆபீஸ் கால் பேசிக்கொண்டிருக்கிறாள். தங்கச்சி நாளைய காரியத்துக்குப் பூ வாங்கக் கீழே போயிருக்கிறது. உன் வீட்டுக்காரியைத் தங்கச்சி என்று கூப்பிட்டுப் பழகிய வாய், இன்னும் அப்படியேதான் கூப்பிடுகிறது. மேசைமேல் கோமதியின் லேப்டாப் திறந்து கிடந்தது. சும்மா இருக்க முடியவில்லை. ஒற்றை விரலால் ஒரு வரி அடித்துப் பார்த்தேன். 'ஐ ஆம் நோயிங் ஹர் ஃபாதர் சின்ஸ் மெனி இயர்ஸ்.' அடித்துக் கையை எடுப்பதற்குள் அடியில் ஒரு சிவப்புக் கோடு நெளிந்து வந்து நின்றது. அதைத் தொட்டால், 'ஹேவ் நோன்' என்று மாற்றிக்கொள்ளச் சொல்கிறது.

அதே திருத்தம். அதே நிறம். எனக்கு எத்தனை தடவை போட்டிருப்பாய் அதை. ஆனால் ஒன்று, மெஷின் "என்னவே இது" என்று கேட்கவில்லை. திருத்திவிட்டு அது பாட்டுக்கு இருக்கிறது.

களைப்பாக இருக்கிறதப்பா. அல்வாலில் பஸ் பிடித்து, செகந்திராபாத்தில் மெட்ரோ ஏறி, இங்கே வந்து சேருவதற்குள் முழங்கால் இரண்டும் தனித்தனியாகப் பேச ஆரம்பித்துவிட்டன. மெட்ரோவில் ஒரு பெண் எழுந்து இடம் கொடுத்தாள். நான் ரயில்வேயில் இருந்தவன் என்று ஆரம்பித்தேன். அவள் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றவில்லை. முன்னே என்றால் பக்கத்து ஆளைப் பிடித்திருப்பேன். இப்போது தெம்பில்லை. நான் எது சொன்னாலும் நீ பாதியைக் கழித்துக்கொள்வாய். அந்தத் தைரியத்தில்தான் ஆயுசு முழுக்க இரட்டிப்பாகப் பேசிப் பழகினேன். கழிக்க ஆள் போனபிறகு நானே முன்கூட்டிக் குறைத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. பேசுவதைவிட அதுதான் பெரிய வேலையாக இருக்கிறது.

கோமதிக்குத் தமிழ் காதுக்கு வரும், கண்ணுக்கு வராது. அதனால்தான் அவள் வீட்டில் உட்கார்ந்தே இதைத் தமிழில், தைரியமாக எழுதுகிறேன்.

நான் ரயில் பெட்டியில் எழுத்து எழுதுகிறவன். ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் பெயிண்டர் என்பார்கள். அது ஆபீஸில் வைத்த பெயர். டில்லிக்கும் ஹவுராவுக்கும் போன பெட்டிகளில் இருந்த இங்கிலீஷ் பூராவும் என் கை இங்கிலீஷ். சங்கிலியை இழுத்தால் வண்டி நிற்கும், சும்மா இழுத்தால் அபராதம் என்று ஒரு தேசத்துக்கே இங்கிலீஷில் எழுதிக் கொடுத்தவன் நான். எந்தப் புரொபசருக்கு அவ்வளவு பேர் வாசகர்கள்? நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றதில் பள்ளிக்கூடத்துக்குத்தான் நஷ்டம் என்று சொல்வேன். "போன வாரம் எட்டுன்னுல்லா சொன்னீரு" என்பாய். நான் அரக்கோணத்துத் தமிழ், நீ திருநெல்வேலித் தமிழ். நான் உன்னை 'நீ' என்பேன், நீ என்னை 'நீரு' என்பாய். மரியாதை கொடுத்துக்கொண்டே மட்டம் தட்டுவதற்கு உங்கள் ஊரில்தான் மொழி வைத்திருக்கிறார்கள்.

அப்போது நீ மிலிட்டரி ஆபீஸில் ஹவில்தார் கிளார்க். சாயங்காலம் ஆனால் அல்வால் பஸ் ஸ்டாப்புக்கு எதிரே இருந்த இரானி ஹோட்டலில், ரோட்டைப் பார்த்த மேசையில் உட்கார்ந்திருப்பாய். சட்டைப்பையில் இரண்டு பேனா. நீலம் உனக்கு, சிவப்பு ஊருக்கு. லீவ் லெட்டர், டிரான்ஸ்ஃபர் மனு, மகனுக்கு வேலை கேட்டு எழுதியது என்று ஆளாளுக்கு ஒரு காகிதத்தோடு வருவார்கள். ஒரு டீயும் உஸ்மானியா பிஸ்கட்டும் வாங்கி வைத்தால் போதும். ஹோட்டல்காரன் உன்னை 'லால் பென் சாப்' என்பான். சிவப்புப் பேனா ஐயா என்று எனக்கு நீயே அர்த்தம் சொன்னாய், எனக்குத் தெரியாது என்று நினைத்து. எனக்கு உருது எழுதவே தெரியும் என்று அப்போது உன்னிடம் சொன்னேன். சரி, அதைக் கழித்துக்கொள்.

என் முதல் லெட்டர் ஞாபகமிருக்கிறதா? ரிட்டையர் ஆகி அரக்கோணத்துக்கே போய்விட்ட என் அப்பாவுக்கு உடம்பு முடியவில்லை. லீவ் வேண்டும். 'ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் மை ஃபாதர்' என்று எழுதி, கொட்டை எழுத்தில், நிழல் எல்லாம் கொடுத்து, பெட்டியில் எழுதுகிற மாதிரியே அழகாகக் கொண்டுவந்திருந்தேன். நீ சிரிக்கவில்லை.

"உம்ம அப்பா என்ன வியாதியா வே?" என்று மட்டும் கேட்டாய்.

பிறகு சிவப்புப் பேனாவை எடுத்தாய். காகிதம் திரும்பி வந்தபோது கோழி அறுத்த இடம் மாதிரி இருந்தது. எனக்குக் கோபம். ஒர்க்‌ஷாப்பில் என் எழுத்துமேல் ஒருத்தன் கை வைத்ததில்லை. எழுந்து போகப் பார்த்தவனை நீ சட்டையைப் பிடித்து உட்காரவைத்தாய்.

"பிடிக்காதவன் எழுத்துல நான் கை வைக்க மாட்டேன் வே. செவப்பா இருக்குன்னா நான் உம்ம கட்சின்னு அர்த்தம். போயி சுத்தப்பிரதி எழுதிட்டு வாரும், டைப் அடிச்சுத் தாரேன்."

அதுதான் உன் சட்டம். சைனிக்புரியிலிருந்து ஒரு சுபேதார் வருவாரே, கூடப்பிறந்த தம்பியை வீட்டைவிட்டுக் கிளப்ப மனு எழுதிக்கொண்டு வந்தவர். வரிக்கு வரி தப்பு. நீ முழுக்கப் படித்தாய், டீயைக் குடித்தாய், காகிதத்தை மடித்து ஒரு புள்ளிகூட வைக்காமல் திருப்பிக் கொடுத்துவிட்டாய். தப்பே இல்லை என்று நினைத்து மனிதர் மீசையைத் தடவிக்கொண்டு போனார். ஹோட்டலில் வழக்கமாக உட்காருகிறவர்களுக்கெல்லாம் தெரியும். வெள்ளையாகத் திரும்பிய காகிதத்தில் உனக்குச் சம்மதமில்லை. சிவப்பாக வந்தால் நீ அந்தப் பக்கம். சிவப்பு வாங்கியவன் வீட்டுக்குப் போய், எல்லாத் திருத்தத்தையும் சேர்த்துச் சுத்தப்பிரதி எழுதிக்கொண்டு வர வேண்டும். அதை நீ வாய்விட்டுப் படிப்பாய். நாக்கு எங்கேயும் இடறவில்லை என்றால் டைப் அடித்துக் கையில் கொடுப்பாய். அதோடுதான் ஒரு காரியம் முடிந்தது என்று அர்த்தம், உன்னைப் பொறுத்தவரை.

எனக்கு நீ பாடம் எடுத்தாய் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டேன். சும்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். வருகிறவனிடம் முதலில் விஷயத்தைத் தமிழில் சொல்லச் சொல்வாய், தெலுங்குக்காரன் என்றால் தெலுங்கில். பிறகு அதை மறந்துவிடச் சொல்வாய். எழுதியிருக்கும் இங்கிலீஷைக் காட்டி, பஸ்ஸில் பக்கத்தில் இருக்கிறவனிடம் இப்படிச் சொல்வீரா என்று கேட்பாய். 'ஐ ஆம் ஹேவிங் டூ சில்ட்ரன்' என்று எழுதிவந்த லைன்மேனிடம், "பிள்ளையள இப்பதான் பெத்துக்கிட்டு இருக்கீரா? ரெண்டும் பொறந்து ஸ்கூலுக்குப் போகுதுல்லா? பெறவு 'ஐ ஹேவ்'னு எழுதும்" என்றாய். ஹோட்டலே சிரித்தது. அந்த லைன்மேன்தான் எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தான். மறுநாள் சுத்தப்பிரதியோடு வந்தான்.

வினைச்சொல்லுக்கு எந்தக் காலம் போடுவது என்று யாராவது குழம்பினால் நீ சொல்வது ஒன்றே ஒன்று. "காலம் கடிகாரத்துல இல்ல வே. சொல்லுதவன் எங்க நிக்கான்னு பாரும்." இதை ஒர்க்‌ஷாப்பில் என் வாசகமாகச் சொல்லித் திரிந்தேன். ஒரு என்ஜினியர் டைரியில் குறித்துக்கொண்டார். நிஜமாகவே குறித்துக்கொண்டார்.

உன் சட்டம் அல்வால் முழுக்கத் தெரியும். உன் வீட்டுக்குள்தான் தெரியாது. கோமதி அந்த ஹோட்டல் பக்கம் வந்ததில்லை. அந்தக் காலத்தில் பெண்பிள்ளைகள் அங்கே வந்து உட்காருகிற வழக்கமில்லை. கான்வென்ட்டில் நல்ல மார்க். நீ தமிழில் கேட்டால் தெலுங்கில் பதில், கொஞ்சம் அதட்டினால் இங்கிலீஷில். கட்டுரையைக் காட்டு என்பாய், "கிராமர் நக்கோப்பா" என்று சிரித்துக்கொண்டே ஓடிவிடுவாள். வேண்டாம் என்பதை இவ்வளவு செல்லமாக உருதுக்காரர்கள் பிள்ளைகளுக்காகத்தான் கண்டுபிடித்திருக்க வேண்டும் என்று நீ சொல்வாய். ஆக, உன் சிவப்பு அவள் காகிதத்தில் பட்டதே இல்லை. இந்த விபரீதத்தை நான் அப்போதே கவனித்தேன். இல்லை, அப்போது கவனிக்கவில்லை. பிறகுதான்.

அவள் வேலைக்குச் சேர்ந்து மாதாப்பூரில் ஹாஸ்டலில் இருந்த சமயம் அந்த மெயில் வந்தது. நேரில் சொல்லப் பயம், தமிழில் எழுத வராது, அதனால் அப்பனுக்கு இங்கிலீஷில் எழுதியிருந்தாள். கூட வேலை பார்க்கிற தெலுங்குப் பையனைக் கல்யாணம் செய்துகொள்ள வேண்டும், அப்பா சரி என்று சொல்ல வேண்டும். அதுதான் விஷயம். நீ ஜெராக்ஸ் கடையில் அதை பிரிண்ட் எடுத்து, நான்காக மடித்து, ஹோட்டலுக்குக் கொண்டுவந்தாய். முதலில் என்னிடம் கொடுத்தாய்.

'ஐ ஆம் லவ்விங் ஹிம் சின்ஸ் டூ இயர்ஸ்.' அவ்வளவு படித்த பிள்ளை. பதறி எழுதும்போது யாருக்கு டீச்சர் ஞாபகம் வரும்?

காகிதத்தைத் திரும்ப வாங்கி உதட்டை அசைத்து அசைத்துப் படித்தாய். பிறகு பையிலிருந்து சிவப்பை எடுத்தாய். 'ஆம் லவ்விங்' போயிற்று, 'ஹேவ் லவ்டு' வந்தது. 'சின்ஸ்' போய் 'ஃபார்' வந்தது. உன்னோடு அத்தனை காலம் உட்கார்ந்ததில் எனக்கே அது விளங்கியது: அன்றைக்குத் தொடங்கியது, இன்னும் நிற்கவில்லை. கடைசியில் 'வெயிட்டிங் ஃபார் யுவர் குட் ரிப்ளை' என்று முடித்திருந்தாள். அதில் 'குட்'டை மட்டும் அடித்தாய். கேட்கிறவன் நல்ல பதில் என்று முன்கூட்டியே பெயர் வைக்கக்கூடாது என்று எல்லார் லெட்டரிலும் நீ அடிக்கிற அடி அது.

முழுக்க முடிந்ததும் கேட்டேன். "என்னப்பா, சம்மதமா?"

நீ பேனாவை மூடிப் பையில் செருகினாய். ரோட்டுக்கு அந்தப் பக்கம் பஸ் ஸ்டாப்பைப் பார்த்தாய். "திருத்தியாச்சுல்லா வே. சுத்தப்பிரதி வரட்டும். நானே டைப் அடிச்சு வைக்கேன்" என்றாய்.

இந்த வார்த்தையை நான் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

மறுநாள் அந்தக் காகிதத்தைக் கூரியரில் அவளுக்கு அனுப்பினாய். கூட ஒரு துண்டுக் காகிதம்கூட வைக்கவில்லை. அன்புள்ள என்று ஒரு வார்த்தை எழுதியிருக்கலாம். நீ எழுதுகிறவன் இல்லை, திருத்துகிறவன்.

அங்கே என்ன நடந்தது என்பதை அவள் வாயால் கேட்டேன், ரொம்பக் காலம் கழித்து. உறையில் உன் கையெழுத்தைப் பார்த்ததும், அப்பா பதில் போட்டுவிட்டார் என்று அவ்வளவு பேர் நடுவில் ஆபீஸிலேயே பிரித்திருக்கிறாள். பிரித்தால், அவள் எழுதியதே திரும்பி வந்திருக்கிறது, ரத்தக்களறியாக. 'ஐ ஆம் லவ்விங்' என்ற இடத்தில் கோடு. 'குட்' என்ற இடத்தில் கோடு. எழுந்து பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாளாம்.

அதோடு உன்னிடம் பேச்சை நிறுத்தினாள். ரிஜிஸ்தர் ஆபீஸில் கல்யாணம். அம்மாவுக்கு மட்டும் போன். தங்கச்சி தனியாகப் பஸ் ஏறிப் போய்விட்டு வந்தது. நீ அன்றைக்கும் அதே மேசையில்தான் உட்கார்ந்திருந்தாய். மறுநாள் தங்கச்சி கொண்டுவந்த கல்யாண லட்டில் ஒன்றை ஹோட்டலுக்கு எடுத்துவந்து, பாதியைத் தின்றுவிட்டுப் பாதியை என்னிடம் நீட்டினாய். பெண் எப்படி இருந்தாள், மாப்பிள்ளை எப்படி என்று தங்கச்சியிடம் கேட்டாயா என்றேன். லட்டில் நெய் நன்றாக இருக்கிறது என்றாய்.

அப்புறம் வருஷங்கள் போயின. எப்படிப் போயின என்று எழுதத் தெம்பில்லை. போனிலேயே இங்கிலீஷ் சரியாகிவிடுகிறது என்று ஹோட்டலுக்குக் காகிதம் கொண்டுவருகிறவர்கள் குறைந்தார்கள். நீ மட்டும் ரோட்டைப் பார்த்த நாற்காலியை மாற்றவில்லை. ஒவ்வொரு பஸ் நிற்கும்போதும் உன் பேச்சு ஒரு வார்த்தை தடுக்கும். நான் பார்க்காத மாதிரி சுவரைப் பார்த்துக்கொண்டு என் கதையைச் சொல்லிக்கொண்டிருப்பேன். நான் அத்தனை கதை சொன்னதற்கு அதுவும் ஒரு காரணம். இதை நீ நம்பினாலும் சரி, பாதி நம்பினாலும் சரி.

போன வருஷம் நீ போனாய். காலையில் எழுந்து பல் விளக்கிவிட்டு, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன்தான். கோமதி வந்தாள். மாப்பிள்ளையும் வந்தார், நல்ல பிள்ளை, ஒரு ஓரமாக நின்று எல்லா வேலையும் செய்தார். பதினாறாம் நாள் காரியம் முடிந்து, பந்தியெல்லாம் எழுந்தபிறகு, கொல்லைப்பக்கம் கை கழுவ வந்த என்னை அவள் நிறுத்தினாள். கையில் அந்தக் காகிதம். பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருந்தாள். கிழித்துப் போடாமல் அத்தனை வருஷம் வைத்திருந்திருக்கிறாள்.

"அங்கிள், உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். அப்பா ஏன் இப்படிப் பண்ணார்? கைக்கு அங்கிள்?" ஏன் என்று உருதிலும் கேட்டாள்.

நான் குழாயை மூடினேன். அவள் விடவில்லை.

"நான் எழுதினதுல தப்பு இருந்துச்சு, ஓகே. ஆனா நான் கேட்டது அது இல்லையே."

ஈரக் கையோடு அங்கேயே துவைக்கிற கல்லில் உட்கார்ந்தேன். அவளுக்கு எல்லாவற்றையும் சொன்னேன். ஹோட்டல், நீலப் பேனா, சிவப்புப் பேனா, சுபேதாரின் வெள்ளைக் காகிதம், லைன்மேன், என் அப்பா வியாதியானது. சிவப்பு என்றால் சம்மதம் என்று சொன்னேன். 'குட்'டை நீ எல்லாருக்கும் அடிப்பாய் என்று சொன்னேன். கடைசியில், நீ பேனாவை மூடிவிட்டு, பஸ் ஸ்டாப்பைப் பார்த்துக்கொண்டு சொன்ன வார்த்தையையும் சொன்னேன்.

"சுத்தப்பிரதின்னா?"

"ஃபேர் காப்பிம்மா."

"நான் அதைக் குடுத்திருந்தா?"

"டைப் அடிச்சுக் குடுத்திருப்பான்."

அவள் காகிதத்தைத் திரும்ப உறைக்குள் போட்டாள். அழவில்லை. உள்ளே போய் மிச்சமிருந்த எச்சில் இலைகளை எடுத்துப் போட்டுவிட்டு வந்தாள். இதை யாராவது அப்போதே தன்னிடம் சொல்லியிருக்கலாமே என்று கேட்டாள். கோபமாகக் கேட்டிருந்தால் ஏதாவது கதை சொல்லியிருப்பேன். மெதுவாகத்தான் கேட்டாள். நான் முழங்காலைத் தடவிக்கொண்டு மாதாப்பூர் ரொம்பத் தூரம் என்றேன்.

நாளைக்கு உன் வருஷத் திதி. அதற்காகத்தான் வந்திருக்கிறேன். நேற்று கோமதி போன் செய்து, அங்கிள், ஃபேர் காப்பி எழுதிவிட்டேன், அப்பா போட்டோவுக்கு முன்னால் வைக்கப்போகிறேன், நீங்கள் ஒருதடவை பார்க்க வேண்டும் என்றாள். காலையில் வந்ததும் காட்டினாள். லேப்டாப்பில் அடிக்கவில்லை, கையால் எழுதியிருக்கிறாள், உனக்குப் பிடித்த மாதிரி ஓரம் விட்டு. உன் திருத்தம் ஒவ்வொன்றும் அதனதன் இடத்தில் ஏறியிருக்கிறது. ஒரே ஒரு இடத்தில் மட்டும் பென்சிலால் சுழித்து வைத்திருந்தாள்.

"ஃபார் டூ இயர்ஸ்னு இருக்கு. இப்ப ரெண்டு வருஷம் இல்லையே, அங்கிள். மாத்தவா?"

மெஷினில் போட்டுப் பார்த்தாளாம். அது ஒரு கோடும் போடவில்லை. அதற்கு இரண்டும் ஒன்றுதான். எத்தனை வருஷம் என்று எழுதினாலும் இலக்கணம் சரி. நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன், நேரம் எடுத்துக்கொள்வதற்காக. இப்போதைய கணக்கைப் போட்டால் அது உண்மை. ஆனால் அது நீ திருத்திய காகிதத்தின் சுத்தப்பிரதி ஆகாது. நீ இருந்தால் என்ன சொல்வாய் என்று தேட வேண்டியிருக்கவில்லை, அது ஏற்கனவே என் வாயில் இருந்தது.

"அன்னைக்கு எங்க நின்னு எழுதினியோ அங்கேயே நின்னு எழுதும்மா. கேட்டது அந்தப் பொண்ணுதானே."

"அப்பா மாதிரி பேசறீங்க" என்றாள். பென்சில் சுழியை அழித்தாள். அதற்குள் ஆபீஸ் கால் வந்துவிட்டது, உள்ளே போய்விட்டாள். என்னை யாரும் இவ்வளவு பெரிதாகப் புகழ்ந்ததில்லை. இதை இரட்டிப்பாக்க எனக்கு வழி தெரியவில்லை.

இவ்வளவு எழுதிக்கொண்டிருந்தபோது கதவு திறந்தது. எழுந்து போய்விட்டு இப்போதுதான் திரும்பி உட்காருகிறேன்.

வாய்விட்டுப் படிக்கச் சொன்னாள். அப்பா படிப்பார் என்று நீங்கள் சொன்னீர்களே, அப்படி. நான் நின்றுகொண்டு படித்தேன். பெட்டியில் எழுதத்தான் எனக்குத் தெரியும், படிப்பதில் தடுமாறுவேன் என்று உனக்குத் தெரியும். 'ஐ ஹேவ் லவ்டு ஹிம் ஃபார் டூ இயர்ஸ்.' நாக்கு இடறவில்லை. 'வெயிட்டிங் ஃபார் யுவர் ரிப்ளை.' அங்கேயும் இடறவில்லை. படித்து முடித்து மேசையில் வைத்தேன். தங்கச்சி பூவோடு வந்து வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது. இங்கிலீஷ் தெரியாது, ஆனால் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனது.

கோமதி காகிதத்தை ஒரு உறையில் போட்டாள். மேலே உன் பெயரை எழுதினாள். பிறகு கேட்டாள்.

"அன்னைக்கு அப்பா வேற ஏதாவது சொன்னாரா அங்கிள்?"

எத்தனையோ வந்தது வாயில். நீ கண்கலங்கினாய் என்று சொல்லியிருக்கலாம். மாப்பிள்ளைக்குச் சட்டை எடுக்க செகந்திராபாத் போகலாமா என்று கேட்டாய் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் நம்பியிருப்பாள், சந்தோஷப்பட்டும் இருப்பாள். வாழ்க்கையில் முதல் தடவையாக எனக்கு ஜோடிக்க முடியவில்லை, அவ்வளவு அசதி.

"அவ்வளவுதாம்மா" என்றேன்.

உன் சிவப்புப் பேனாவை அவள் எனக்குக் கொடுத்திருக்கிறாள். சட்டைப்பையில் இருக்கிறது. மை காய்ந்துவிட்டது, ரீஃபில் மாற்ற வேண்டும் என்று நினைத்து நினைத்து மாற்றவில்லை. எதைத் திருத்தப் போகிறேன்? அல்வால் ஹோட்டலில் இப்போதும் போய் உட்காருகிறேன், நீ உட்கார்ந்த நாற்காலியில், ரோட்டைப் பார்த்து. யாராவது எதையாவது சொன்னால், பஸ்ஸில் பக்கத்தில் இருக்கிறவனிடம் இப்படிச் சொல்வீரா என்று மனசுக்குள் கேட்டுக்கொள்கிறேன். உன் தமிழில்தான் கேட்கிறேன். இது ஒன்று ஒட்டிக்கொண்டுவிட்டது.

கோமதி டீ வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். இதை முடித்துவிட்டுக் குடிக்கலாம் என்று வைத்திருக்கிறேன்.

நான் சொல்வதில் பாதியைக் கழிக்கிறவன் நீ. மேலே எழுதியதில் வழக்கம்போல அங்கங்கே கழித்துக்கொள். என்ஜினியரைக்கூட எடுத்துவிடு. உன் சட்டம் நிஜம், அதில் கை வைக்காதே, அது நீ போட்டது. நீ சிவப்பால் திருத்தியது நிஜம். சம்மதமா என்று நான் கேட்டது, நீ பேனாவை மூடியது, பஸ் ஸ்டாப்பைப் பார்த்தது எல்லாம் நிஜம். இன்னொரு தடவை நான் கேட்டிருக்கலாம். கேட்டால் இல்லை என்று சொல்லிவிடுவாயோ என்று பயந்து, அன்றைக்கும் கேட்கவில்லை, அப்புறம் வந்த எந்த நாளிலும் கேட்கவில்லை. அவளிடம் போய்ச் சொல்லாமல் இருந்ததற்கும் முழங்கால் காரணமில்லை. போய்ச் சொல்ல என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை. கொல்லைப்பக்கத்தில், ஈரக் கையோடு உட்கார்ந்திருந்தபோதுதான் 'சுத்தப்பிரதி வரட்டும்' எனக்குக் கிடைத்தது. அன்றைக்கு அந்த மேசையில் நீ என்னிடம் சொன்னது, "டீ ஆறிப்போச்சு வே" என்பது மட்டும்தான்.